உள்ளுக்கு ஏதும் போகுதா?

சுல்பிகாவுக்கு முதலில் வீங்கியது கால்தான். விடிந்தால் பொழுதுபட்டால் தையல் மெசினுக்கு முன்னால் குந்தியிருக்கிறவளுக்குக் கால் வீங்காமல் வேறென்ன செய்யும் என்று அவளும் நினைத்தாள், பார்த்தவர்களும் சொன்னார்கள். பிறகு மீன் பொரிக்கிற வாசம் பிடிக்காமல் போனது. உடம்பெல்லாம் சொறிந்தது. ஒருநாள் பெண்கள் உடுப்புக்கு மேல் போடுகிற அபாயா ஒன்றுக்குக் கைத்துண்டு வெட்டிக்கொண்டிருந்தவள் கத்தரிக்கோலைப் பிடித்தபடியே நிலத்தில் சரிந்தாள். ஆஸ்பத்திரியில் இரத்தம் எடுத்துப் பார்த்துவிட்டுச் சிறுநீரகம் இரண்டும் சுருங்கிப் போயிருக்கின்றன என்றார்கள். பிரஷர் பல வருடங்களாகவே கூடியிருந்திருக்கிறது, அவளுக்குத்தான் தெரியவில்லை.

சாய்ந்தமருதில் கடலுக்குப் போகும் ஒழுங்கையொன்றில் அவளுக்கு வீடு. தாய் சீதனமாகக் கொடுத்தது. அதே வளவின் மறுபாதியில் தங்கை முஸ்பிறா இருந்தாள். சுல்பிகாவின் கணவன் மீராமுகைதீன் சின்னப் பட்டா லொறி ஒன்று வைத்து, வயல்வெட்டுக் காலத்தில் நெல் மூட்டையும் மற்றக் காலத்தில் தேங்காயும் மரக்கறியும் ஏற்றுகிற மனிதர். அதிகம் பேசமாட்டார். ஒரே மகள் ஒலுவில் பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டிருந்தாள். சுல்பிகா தைத்த அபாயா உடம்பில் நிற்கிற விதமே வேறு என்று காரைதீவுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பேர் இருந்தது. கலியாணப் பெண்ணுக்கும் அவளுடைய மாமிக்கும் ஒரே நாளில் அளவெடுத்து, இரண்டு பேருக்கும் மனம் நோகாமல் தைத்துக் கொடுக்கக் கூடியவள் என்று முஸ்பிறா பெருமையாகச் சொல்வாள்.

வருத்தம் வந்த பிறகு அதெல்லாம் நின்றுபோனது. கழுத்தில் குழாய் வைத்து இரத்தத்தை இயந்திரத்துக்குள் விட்டுச் சுத்தம் செய்து திருப்பி உடம்புக்குள் விட்டார்கள். வாரத்தில் பாதி நாள் ஆஸ்பத்திரிக் கட்டிலில் போனது. மீதி நாளில் பிழிந்துபோட்ட துணியைப் போல வீட்டில் கிடந்தாள். கொஞ்சம் தெளிந்து எழும்புகிற நேரம் அடுத்த தடவை வந்துவிடும். மகளுக்குக் கலியாணம் வைத்திருந்த ஒரு தாய், கொடுத்துவைத்த துணியைக் கேட்டு வந்தாள். "கோவிச்சிக்காதங்க, நாள் கிட்ட வந்திட்டு" என்று மூன்று முறை சொன்னாள். சுல்பிகா வெட்டாத துணியை எடுத்து மடித்து, அவள் கையில் கொடுத்துவிட்டு, அவள் ஒழுங்கை முடக்கில் திரும்பும்வரை வாசலில் நின்றாள். அன்றைக்கு அவள் சாப்பிடவில்லை.

ஆஸ்பத்திரியில் அந்தப் பகுதிக்குப் பொறுப்பாக இருந்த நேர்ஸ் பாண்டிருப்பைச் சேர்ந்த கஜேந்தினி. வயதில் சுல்பிகாவைவிட இளையவள். வேலையில் கறார். ஒருநாள் இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தபோது தன்னுடைய தேநீர்க் கோப்பையோடு கட்டிலருகே வந்து உட்கார்ந்தாள்.

"அக்கா, உங்களுக்கு இன்னொரு வழி இருக்கு. வீட்டில இருந்தே செய்யிறது. டொக்டரும் உங்களுக்குச் சரிவரும் எண்டுதான் சொல்றார்."

"மெசின வீட்டுக்குத் தருவாங்களா மிஸ்?"

"மெசின் இல்ல. உங்கட வயிறுதான் மெசின்."

சுல்பிகாவுக்கு விளங்கவில்லை. கஜேந்தினி கோப்பையைத் தூக்கிக் காட்டினாள். உள்ளே தேயிலைப் பை நூலோடு தொங்கிக்கொண்டிருந்தது.

"இஞ்ச பாருங்க. சுடுதண்ணிக்குள்ள பைய விட்டா என்ன நடக்குது? சாயம் வெளிய வருது, தூள் உள்ளயே நிக்குது. ஏன்? அந்தக் கடதாசியால சாயம் வரும், தூள் வராது. எங்கட குடலச் சுத்தி, வயித்துக்குள்ள ஒரு மெல்லிய சவ்வு கிடக்கு. அதுக்குள்ள மயிரிழை மாதிரி ரத்தக் குழாய்கள் ஓடுது. வயித்துக்குள்ள சுத்தமான தண்ணிய விட்டா, ரத்தத்தில இருக்கிற கழிவெல்லாம் சாயம் மாதிரி அந்தத் தண்ணிக்கு வந்திடும். ரத்தம் வராது."

"எல்லாக் கழிவும் வந்திடுமா?"

"ரெண்டு பக்கமும் ஒரே அளவு ஆகும்வரைக்கும் வரும். அதுக்குப் பிறகு எவ்வளவு நேரம் வச்சிருந்தாலும் பிரயோசனம் இல்ல. அதுதான் பழசை வெளிய எடுத்திட்டுப் புதுத் தண்ணி விடுறது. ஒரு நாளைக்கு நாலு தரம்."

சுல்பிகா சற்று யோசித்தாள். "சரி, அழுக்கு வருது. இந்தக் காலுல கட்டுற தண்ணி?"

"அச்சாறு போடுவீங்கதானே? மாங்காய வெட்டிச் சீனியும் உப்பும் பிரட்டி வச்சா?"

"தண்ணி கக்கும்."

"அதேதான். நாங்க விடுற தண்ணியில சீனி கலந்திருக்கும். சீனி கூடின பக்கத்துக்கு உங்கட உடம்பில மிஞ்சின தண்ணி இழுபட்டு வந்திடும்."

சுல்பிகா அன்று வீட்டுக்கு வந்து எல்லாவற்றையும் சொன்னாள். முஸ்பிறா தலையில் கை வைத்துக்கொண்டாள். "வயித்துல ஓட்டை போட்டுக் குழாயா? ஒங்களுக்கென்ன பைத்தியமா றாத்தா? கிருமி போனா என்ன செய்யிற?" அவள் பயந்ததிலும் தப்பில்லை. கை கழுவாமல் குழாயைத் தொட்டால் வயிற்றுக்குள் கிருமி போகும், அது உயிருக்கே ஆபத்தாகும் என்று கஜேந்தினியும் சொல்லியிருந்தாள்.

அடுத்த தடவை மனைவியோடு ஆஸ்பத்திரிக்குப் போன மீராமுகைதீன், கஜேந்தினியிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"அவ மறுகா பழையபடி தைக்கலாமா மிஸ்?"

"ஓம். தண்ணி வயித்துக்குள்ள கிடக்கிற நேரம் தைக்கலாம், சமைக்கலாம், கலியாண வீட்டுக்கும் போகலாம்."

"அப்ப செய்வம்" என்றார் அவர்.

தேங்காயும் பழைய சாக்கும் கிடந்த சாமான் அறையை அவரே காலி செய்தார். நிலத்துக்கு மாபிள் பதித்தார், சுவருக்கு வெள்ளை பூசினார், ஜன்னலுக்கு நுளம்பு வலை அடித்தார். கை கழுவ ஒரு பேசின் வைத்தார். பை தொங்கவிடக் கம்பி வாங்கப் போனவரைச் சுல்பிகா தடுத்து, தைத்த அபாயாக்களை மாட்டுகிற உயரமான தாங்கியை உள்ளே இழுத்துப் போட்டாள். "இதவிட உறுதியானது எங்க கிடைக்கப் போகுது?"

சத்திரசிகிச்சை சுகமாக முடிந்தது. தொப்புளுக்குப் பக்கத்தில் பென்சில் மொத்தத்தில் ஒரு குழாய். புண் ஆறிய பிறகு ஆஸ்பத்திரியிலேயே வைத்துப் பழக்கினார்கள். வீட்டில் முதல் பை மாற்றிய நாள் கதவைப் பூட்டி, காற்றாடியை நிறுத்தி, இரண்டு பேரும் மாஸ்க் போட்டுக்கொண்டு நின்றார்கள். சுல்பிகா குழாயின் மூடியைக் கழற்றிப் பையோடு பொருத்தினாள். பக்கத்தில் சத்தமே இல்லை என்று நிமிர்ந்து பார்த்தால், மீராமுகைதீன் கண்ணை முழித்துக்கொண்டு மூச்சைப் பிடித்தபடி நின்றார்.

"மூச்ச விடுங்க மச்சான். மாஸ்க் போட்டிரிக்கிதானே."

அவர் பெரிதாக மூச்சு விட்டார். அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வயிற்றிலிருந்த பழைய தண்ணீர் கீழே வைத்த வெறும் பைக்குள் வடிந்தது. வெளிர் மஞ்சளாக, தெளிவாக இருந்தது. பைக்குப் பின்னால் பத்திரிகையைப் பிடித்து எழுத்துத் தெரிகிறதா என்று பார்க்கச் சொல்லியிருந்தார்கள், கலங்கியிருந்தால் கிருமி. மீராமுகைதீன் பத்திரிகையைப் பிடித்துக்கொண்டு, பைக்கூடாக நெல் விலைச் செய்தியை முதலிலிருந்து கடைசிவரை சத்தமாக வாசித்தார்.

அதற்குப் பிறகு அவள் மெல்ல மெல்ல எழும்பினாள். உடம்புச் சொறி நின்றது. மீன் வாசம் மீண்டும் பிடித்தது. இயந்திரத்தில் இருந்த காலத்தில் வாழைப்பழத்திலுள்ள பொட்டாசியம் இதயத்துக்கு ஆபத்து என்று யாரும் அதை அவளுக்குக் காட்டவும் மாட்டார்கள். இப்போது அளவோடு சாப்பிடலாம் என்று டொக்டர் சொன்னதும் அன்று மாலையே மீராமுகைதீன் லொறியில் ஒரு குலை கோழிக்கூட்டு வாழைப்பழம் வந்து இறங்கியது. "அளவோட எண்டுதான் சொன்னாங்க மச்சான்" என்றாள். ஒன்றை உரித்து, கண்ணை மூடிக்கொண்டு தின்றாள். மெசினுக்கு எண்ணெய் விட்டாள். துணியைத் திருப்பி வாங்கிக்கொண்டு போன அந்தத் தாயே இரண்டாவது மகளுக்குத் தைக்க வந்தாள்.

சில மாதம் போனதும் சுல்பிகா ஒரு விஷயத்தைக் கவனித்தாள். ஊருக்கு அளவெடுக்கிறவள் தன்னுடைய அளவை அறியாமல் இருப்பாளா? இடுப்புப் பெருத்திருந்தது. சாப்பாட்டைக் கூட்டவில்லை. தண்ணீர் கட்டினால் கால் வீங்க வேண்டும், காலும் வீங்கவில்லை. கிளினிக்கில் கஜேந்தினியிடம் கேட்டாள்.

"அது சீனி அக்கா. கழிவும் தண்ணியும் வெளிய வாற அதே சவ்வால, பையில இருக்கிற சீனியும் உங்கட ரத்தத்துக்குள்ள போகுது. அது சும்மா வாய் பார்த்துக்கொண்டு நிக்காதுதானே? உடம்புக்கு அதுவும் சாப்பாடுதான்."

"வெளிய வாறது மட்டும்தான் எண்டு நினைச்சன்."

"ரெண்டு பக்கமும் போகும். எங்க குறைவோ அங்க."

அவள் வீட்டுக்கு வந்து தன் சட்டைகளின் இடுப்புத் தையலைப் பிரித்து விட்டுத் தைத்தாள். அந்தக் கதையை அத்தோடு மறந்துபோனாள்.

அது திரும்ப ஞாபகம் வந்தது நோன்பு மாதம் கிட்டியபோதுதான். முந்திய வருட ரமழானை அவள் ஆஸ்பத்திரியிலும் படுக்கையிலுமாகக் கழித்திருந்தாள். நோன்பு பிடிக்கிற கேள்வியே எழவில்லை. இந்த வருடம் உடம்பு தெம்பாக இருந்தது. சிறு பிள்ளையாக இருந்தபோதே அடம்பிடித்து நோன்பு பிடித்தவள் அவள். தலைப்பிறை காண இன்னும் சில நாட்கள் இருக்கும்போது கணவனிடம் சொன்னாள்.

"வாயால ஒண்டும் தின்னாம குடிக்காம இரிக்கிறதுதானே நோம்பு மச்சான்? பை மாத்திறது வாயால இல்லயே. நான் இந்த முற பிடிக்கப் போறன்."

"டொக்டருக்கிட்ட கேட்டியா புள்ள?"

"அவர் வேணாம் எண்டுதான் சொல்லுவார். நீங்க பள்ளி ஹஸரத்துக்கிட்ட கேளுங்க."

மீராமுகைதீன் பின்னேரம் அஸர் தொழுகைக்குப் பிறகு பள்ளிவாசலில் நின்று மௌலவியிடம் விஷயத்தைச் சொன்னார். மௌலவி நிதானமான மனிதர். தெரியாததைத் தெரிந்ததாகச் சொல்லமாட்டார். பை எப்படி, குழாய் எப்படி என்று எல்லாவற்றையும் கேட்டார். பிறகு, "எனக்கு ஒரு விஷயம் தெரிய வேணும். அந்தத் தண்ணியால உடம்புக்கு உள்ளுக்கு ஏதும் போகுதா? உடம்புக்குச் சத்துக் குடுக்கிற ஏதாவது? அத அவங்கள்ட்ட கேட்டுச் சொல்லுங்க" என்றார்.

மீராமுகைதீன் வந்து கேள்வியை அப்படியே மனைவியிடம் ஒப்புவித்தார்.

சுல்பிகா அப்போது ஒரு பிள்ளையின் பெருநாள் சட்டைக்கு லேஸ் வைத்துத் தைத்துக்கொண்டிருந்தாள். மெசினை நிறுத்தினாள். பதில் அவளிடம் இருந்தது. இடுப்பில் இருந்தது. "இல்ல, ஒண்டும் போறல்ல" என்று சொன்னால் இந்த வீட்டில் அதை மறுக்க ஒருவரும் இல்லை. மீராமுகைதீனுக்கு இந்தச் சீனிக் கதை தெரியாது. மௌலவிக்கும் தெரியாது. ஒரு சொல்லோடு முப்பது நோன்பும் அவளுக்குக் கிடைத்துவிடும்.

"நாளைக்குச் சொல்றன்" என்றாள்.

மறுநாள் காலையில் கஜேந்தினிக்குப் போன் எடுத்தாள். "மிஸ், சீனி போகாத பை ஒண்டும் இல்லயா?"

"சீனிக்குப் பதிலா மாப்பொருள் போட்ட ஒரு சாதி இருக்கு அக்கா. அதுவும் கொஞ்சம் கொஞ்சமா உள்ளுக்குப் போகத்தான் செய்யும். எங்களுக்கிட்ட அது இல்லவும் இல்ல. ஏன் கேக்கிறீங்க?"

"சும்மாதான்."

போனை வைத்துவிட்டு எழும்பிப் போய், லொறிக்குத் தண்ணீர் ஊற்றிக் கழுவிக்கொண்டிருந்த கணவனிடம் சொன்னாள். "ஹஸரத்துக்கிட்ட சொல்லுங்க. சீனி போகுது. சாப்பாடு மாதிரி உடம்புல சேருது. மிஸ் சொன்னவ. நானும் கண்டன்."

மௌலவியின் பதில் மாலையில் வந்தது. என்னுடைய அறிவுக்கு எட்டியவரை, சத்துப் போகிறதென்றால் அது நோன்பாகாது; நோயாளிக்கு அல்லாஹ் தந்த சலுகை உங்களுக்கு இருக்கிறது; ஒவ்வொரு நோன்புக்கும் ஓர் ஏழைக்கு உணவளியுங்கள்; அதை மறைக்காமல் சொன்ன உங்களுக்காக நான் அல்லாஹ்விடம் துஆ கேட்கிறேன். மீராமுகைதீன் ஒரு சொல் விடாமல் சொல்லி முடித்தார். அவள் தலையாட்டினாள்.

ஆனால் தையல்காரியின் மூளை சும்மா இருக்கவில்லை. துணி போதாவிட்டால் எங்கே எதை வெட்டி எங்கே ஒட்டலாம் என்று பார்த்துப் பழகிய மூளை அது. பகலில் சீனி போவதுதானே பிரச்சினை? பகல் முழுவதும் வயிற்றை வெறுமையாக வைத்தால்? நோன்பு திறந்த பிறகு ஒரு பை. இரவில் தறாவீஹ் தொழுகை முடிய இன்னொரு பை. அதை இரவு முழுக்க வைத்திருந்து, விடியுமுன் சஹர் சாப்பிடுகிற நேரத்தில் வடித்துவிட்டால் விடிந்தபிறகு உள்ளே போவதற்கு ஒன்றும் இல்லை. நாலு பைக்கு இரண்டு. சில நாள் பார்ப்போமே என்று நினைத்தாள். யாரிடமும் சொல்லவில்லை. பகலில் வழமைபோல அந்த அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு, கொஞ்ச நேரம் இருந்துவிட்டு வெளியே வருவாள். தான் சாப்பிடுவதில்லை என்பதையும் மறைத்தாள்.

முதல் இரண்டு நோன்பும் இலேசாகத்தான் போயின. பொழுதுபட மஃரிப் பாங்கு சொல்லும்போது பேரீச்சம்பழத்தைக் கடித்தவளுக்குக் கண் நிறைந்தது. கஞ்சியும் குடித்தாள், முஸ்பிறா பொரித்த சமோசாவும் தின்றாள். அதற்கடுத்த நாள் மோதிரம் விரலை இறுக்கியது. பிறகு கால். பிறகு படியேற மூச்சு வாங்கியது. ஒரு காலையில் படுக்கவே முடியவில்லை. படுத்தால் நெஞ்சில் யாரோ மூட்டை வைத்ததுபோல் அழுத்தியது. சொறிக்கல்முனைப் பக்கம் நெல் ஏற்றப் புறப்பட்டுக்கொண்டிருந்த மீராமுகைதீன் அவள் சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்பதைக் கண்டார். வேறு வாகனம் தேடவில்லை. அவளை லொறியின் முன் இருக்கையில் ஏற்றிக்கொண்டு நேரே ஆஸ்பத்திரிக்கு விட்டார்.

கஜேந்தினி ஒரு பார்வையில் விளங்கிக்கொண்டாள். சீனி கூடிய பையை மாட்டினார்கள். வடித்தார்கள், திரும்ப மாட்டினார்கள். அன்று முழுவதும் இதே வேலை. மாலையாகும்போது மூச்சுச் சீரானது. டொக்டர் வந்து கட்டிலருகே நின்றார். சத்தம் போடுவார் என்று சுல்பிகா நினைத்தாள். அவர் கதிரையை இழுத்து உட்கார்ந்தார்.

"எல்லாருடைய சவ்வும் ஒரே மாதிரி இல்ல அம்மா. நாங்க உங்களுக்கு ஒரு டெஸ்ட் செய்தது ஞாபகமா? உங்கட சவ்வு கெதியாக் கடத்துற சவ்வு. நீங்க இரவு முழுக்க வச்சிருந்த பையில, கொஞ்ச நேரத்திலயே சீனி எல்லாம் ரத்தத்துக்குள்ள போயிட்டுது. பிறகு தண்ணிய இழுக்க அங்க ஒண்டும் இல்ல. வெளிய வந்த தண்ணியும் மெல்ல மெல்லத் திரும்ப உள்ள போயிருக்கும். பகலில பையே இல்ல. தண்ணி எங்க போகும்? நெஞ்சுக்குத்தான்."

"நான் நோம்பு பிடிச்சன் டொக்டர்" என்றாள் சுல்பிகா.

"தெரியும். உங்கட மிஸ் என்னட்டச் சொல்ல முதல் கண்ணைத் துடைச்சிட்டுத்தான் வந்தா."

அவர் போன பிறகு கஜேந்தினி வந்து பையைத் தூக்கி நிறுத்துப் பார்த்தாள். முகம் கொடுக்கவில்லை. சுல்பிகா அவள் கையைப் பிடித்தாள்.

"கோவமா மிஸ்?"

"பின்ன? என்னட்டச் சொல்லியிருந்தா டொக்டரோட கதைச்சுப் பார்த்திருப்பம்தானே. நீங்க எங்களுக்கு ஒளிக்கலாம் அக்கா. அதுக்கு ஒளிக்கேலாது" என்று அவள் வயிற்றைக் காட்டினாள். பிறகு குரல் இறங்கியது. "உங்கட ஆக்கள் வெளிய விறாந்தையில நோம்பு திறக்காம நிக்கிறாங்க. பாங்கு சொல்லி எவ்வளவு நேரம். போய் ஏதும் குடிக்கச் சொல்லட்டா?"

ஜன்னலுக்கு வெளியே மீராமுகைதீனும் முஸ்பிறாவும் நின்றார்கள். மீராமுகைதீனின் கையில் தண்ணீர்ப் போத்தல் மூடி திறக்காமல் இருந்தது. அதைக் கண்டதும்தான் சுல்பிகா விம்மி விம்மி அழுதாள்.

வீட்டுக்கு வந்த பிறகு அவள் பழையபடி நாலு பையும் ஒழுங்காக மாற்றினாள். ஏழைக்குக் கொடுக்க வேண்டிய உணவைத் தானே சமைத்தாள். ஒழுங்கை முடிவில் தனியே இருந்த ஒரு முதிய பெண்ணுக்கு மீராமுகைதீன் நோன்பு திறக்க முதல் கொண்டுபோய்க் கொடுத்தார். அந்த மனுசி நோன்பு திறந்து தின்று பார்த்துவிட்டு, மறுநாள் "உப்புக் காணாது மனே, ஆனா ஆக்கம் நல்லம்" என்று சொல்லி அனுப்பினாளாம். ஆனாலும் பகலில் சாப்பிடுவதுதான் சுல்பிகாவுக்குப் பெரிய பாடாக இருந்தது. தைக்கக் கொடுக்க வருகிற பெண்கள் எல்லோரும் நோன்பாளிகள். வீட்டில் எல்லோரும் நோன்பு. அவள் பை மாற்றுகிற அறைக்குள் போய்க் கதவைப் பூட்டிக்கொண்டு, நின்றபடியே நாலு வாய் அள்ளிப் போட்டுக்கொண்டு, வாயைத் துடைத்துக்கொண்டு வெளியே வருவாள்.

பாதி மாதம் போயிருக்கும். கஜேந்தினி போனில் அழைத்தாள். "அக்கா, ஒரு உதவி. நிந்தவூர் ஆள், பஸ்மினா எண்டு பேர். பள்ளிக்கூடத்தில வணிகம் படிப்பிக்கிறா. சிறுநீரகம் உங்களுக்கு வந்த மாதிரித்தான். எதச் செய்யிறது எண்டு தெரியாமக் குழம்பிப் போயிருக்கிறா. உங்கட அறைய ஒருக்கா வந்து பார்க்கட்டா?"

"வரச் சொல்லுங்க மிஸ்."

பஸ்மினா மறுநாள் பகல் கணவனோடு வந்தாள். கிட்டத்தட்டச் சுல்பிகாவின் வயதுதான். முகம் வெளிறியிருந்தது. மீராமுகைதீன் அவளுடைய கணவனை முற்றத்து வேப்பமர நிழலில் கதிரை போட்டு இருத்தினார். சுல்பிகா அவளை அறைக்குள் கூட்டிப்போய், மாஸ்க் கொடுத்து, கையைக் கழுவவைத்து, தன் பகல் பையை அவளுக்கு முன்னாலேயே மாற்றிக் காட்டினாள். பஸ்மினா தாங்கியையும் பையையும் குழாயையும் கண்கொட்டாமல் பார்த்தாள். கேள்வி கேட்டாள். வலிக்குமா? குளிக்கலாமா? வகுப்பில் நின்று படிப்பிக்கும்போது பிள்ளைகளுக்குத் தெரியுமா?

"அபாயா எதுக்கு இரிக்கி? நானே தைச்சித் தாறன். உள்ளுக்கு என்ன கெடக்கு எண்டு ஆருக்கும் விளங்காது."

பஸ்மினா முதல் தடவை சிரித்தாள். உடனே கதவு நிலையைப் பிடித்துக்கொண்டாள்.

"என்ன, தலை சுத்துதா?"

"ஒண்டும் இல்ல."

"நோம்பா?"

"இல்ல. டொக்டர் பிடிக்க வேணாம் எண்டிட்டார்."

"அப்ப சாப்பிட்டீங்களா?"

பஸ்மினா நிலத்தைப் பார்த்தாள். "காலையில இருந்து ஒண்டும் தின்னல்ல. பள்ளிக்கூடத்தில எல்லாரும் நோம்பு. வீட்டில மாமி நோம்பு. சாப்பிட வெக்கமா இரிக்கி. பிடிக்கவும் ஏலா, தின்னவும் ஏலா. நான் எந்தப் பக்கம் எண்டே தெரியல்ல."

சுல்பிகா குசினிக்குப் போனாள். சோறும், வாழைக்காய்ப் பால்கறியும், பொரித்த சூடை மீனும் இரண்டு சோற்றுக் கோப்பையில் போட்டுக்கொண்டு வந்தாள். அறைக்குள் போகாமல் உள் விறாந்தையில் பாயை விரித்தாள்.

"இருங்க."

"இதுலயா? ஆரும் வந்தா?"

"வரட்டும். ஹஸரத்தே சொன்னவர், நமக்குத் தந்தது சலுகை எண்டு. ஒளிச்சுத் தின்ன நாம களவா எடுத்தம்?"

சொல்லிவிட்டாளே தவிர, அவளும் வாசலை ஒருமுறை பார்த்துவிட்டுத்தான் முதல் வாயை எடுத்தாள். அந்த நேரம் பார்த்து முஸ்பிறா, கஞ்சிக்குத் தேங்காய் கேட்டு வந்து வாசலில் நின்றாள். பஸ்மினாவின் கை கோப்பையிலேயே நின்றுவிட்டது. முஸ்பிறா தமக்கையையும் பார்த்தாள், வந்தவளையும் பார்த்தாள். நேரே உள்ளே போனாள். திரும்பி வரும்போது கையில் மீன் சட்டி இருந்தது.

"இதென்ன, விருந்தாளிக்கு ஒரு மீனா போடுற?" என்று இரண்டு மீனைப் பஸ்மினாவின் கோப்பையில் வைத்துவிட்டு, தேங்காயை எடுத்துக்கொண்டு தன் வீட்டுக்குப் போனாள்.

பஸ்மினா மீனின் முள்ளை ஒதுக்கியபடி கதைக்கத் தொடங்கினாள். கதை வகுப்புப் பிள்ளைகளில் தொடங்கி, ஆஸ்பத்திரி என்றாலே கஞ்சியைக் காய்ச்சி வைத்துக்கொண்டு அழுகிற மாமியில் வந்து நின்றது. சுல்பிகா லொறியில் ஆஸ்பத்திரிக்குப் போன கதையைச் சொன்னாள். கணவன் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்ற கதையைச் சொன்னபோது இரண்டு பேரும் வாய்விட்டுச் சிரித்தார்கள். முற்றத்திலிருந்த ஆண்கள் இருவரும் திரும்பிப் பார்த்தார்கள். போகும்போது பஸ்மினா ஒரு முடிவும் சொல்லவில்லை. "யோசிச்சுச் சொல்றன் றாத்தா" என்று மட்டும் சொன்னாள்.

மீதி ரமழான் வேலையோடு வேலையாகப் போனது. பெருநாள் உடுப்புகள் மலைபோலக் குவிந்தன. பகலில் பசித்தால் சுல்பிகா விறாந்தையில் இருந்து சாப்பிட்டாள். ஓரிருவர் கண்டார்கள். ஒருத்தி மட்டும், "சுகமில்லயா றாத்தா?" என்று கேட்டாள். "ஓம், மருந்து செய்யிறன்" என்றாள் சுல்பிகா. அவ்வளவுதான். அதற்குமேல் ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை.

பெருநாள் காலையில் கடற்கரைத் திடலில் தொழுகை. சுல்பிகா பையை மாற்றிவிட்டு, புது அபாயாவைப் போட்டுக்கொண்டு, ஒலுவிலிலிருந்து வந்திருந்த மகளோடு மணலில் நடந்தாள். கடல் அமைதியாகக் கிடந்தது. பெண்கள் வரிசையில் அவள் தைத்த உடுப்புகள் அங்கும் இங்குமாகத் தெரிந்தன; ஒரு சின்னப் பிள்ளையின் லேஸ் வைத்த சட்டையில் மணல் ஒட்டியிருந்தது. தொழுகை முடிந்து எல்லோரும் ஒருவரையொருவர் கட்டிப்பிடித்து, கைகொடுத்து முஸாபஹா செய்துகொண்டிருக்கும்போது அவளுடைய போன் அடித்தது. பஸ்மினா.

"பெருநாள் முபாறக் றாத்தா. அடுத்த கிழமை குழாய் வைக்க நாள் தந்திரிக்காங்க. நான் ஓம் எண்டு சொல்லிட்டன்."

"அல்ஹம்துலில்லாஹ்."

"பயமா இரிக்கி. அண்டைக்கு நீங்க வருவீங்களா?"

சுல்பிகா மற்றக் காதைக் கையால் பொத்திக்கொண்டாள். திடலில் ஒரே சத்தம்.

"வராமலா? காலைப் பைய முடிச்சிட்டு வந்து நிப்பன். ஒங்கட மாமிக்குச் சொல்லுங்க, அவக அழ வேணாம். கஞ்சியும் நான் கொண்டு வாறன்."